வேகம் கூடி நின்றது

மஞ்சூரில் இறங்கும்போதே தீர்ப்பு வந்துவிட்டது.
டீக்கடையில் ஒருவர்: பனிதான், மேடம்.
ஃபாக்டரி வாசலில் ஒருவர்: கொழுந்து முற்றல்.
மேனேஜர் சந்திரமோகனுக்குக் காரணமே வேண்டாம்.
லிமிட்டைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்,
கொழுந்து லாரி நிற்கிறது.

ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள்.
பேனலைத் திறந்ததும் தெரிந்தது.
கார்டில் அந்தச் சின்னத் திருகின் தலையில்
கம்பெனி வைத்த சிவப்பு பெயிண்ட்
வெடித்து, கால் சுற்று தள்ளி இருந்தது.
யார் என்று கேட்டேன்.
எல்லோருக்கும் அன்றைக்கு லீவாம்.

ரோட்டர்வேன் மோட்டார், இருபது குதிரை, டி.சி.
ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று விழும்.
'ஓவர்கரண்ட்' என்று ஒரு விளக்கு எரியும்.
எங்கே வலி என்று கேட்டால்
'வயிறு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளை.

கார்பன் பிரஷ் பாதி உயிரோடு இருந்தது.
கம்யூட்டேட்டர் காப்பி நிறத்தில், கீறலில்லாமல்.
மெகர் பன்னிரண்டு மெகாஓம் காட்டியது,
பனியை அங்கேயே விடுதலை செய்தேன்.
தைரிஸ்டர் ஆறும் ஒரே மாதிரி பதில் சொல்லின.
சந்தேகப்பட ஆளில்லாத வீட்டில்
திருட்டு மட்டும் நடந்திருந்தது.

எத்தனை தடவை விழுந்தது?
நிறைய.
எப்போது?
எப்பவும்.
இந்த இரண்டு சொற்களைக் கொண்டு
எந்த மோட்டாரையும் திறக்க முடியாது.

நைட் ஷிஃப்டுக்குப் புஷ்பராணி வந்தாள்.
ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தாள்,
கொழுந்து எடை போட்ட பழைய சீட்டுகள்.
பின்பக்கமெல்லாம் பென்சில்.

2.40. விழுந்தது. கொழுந்து நல்லா வாடினது.
3.05. விழுந்தது. பாதி லோடுதான்.
2.55. விழுந்தது. வேகம் கூடி நின்றது.

பதினொரு நாள். இருபத்துமூன்று சீட்டு.
பத்தொன்பதில் அந்தக் கடைசி வரி.

அடைப்பு என்றால் மோட்டார் திணறும்,
குரல் தடிக்கும், மெதுவாகும், அப்புறம் நிற்கும்.
வேகம் கூடி நின்றால்
அது சுமை இல்லை.
ஃபீல்டு தளர்ந்த மோட்டார்
கடிவாளம் நழுவிய குதிரை.
ஓட்டமும் ஏறும், தீனியும் ஏறும்.

இதை யாரிடமாவது சொன்னாயா?
சொன்னேங்க.
மிஷின் சத்தத்துல
உனக்குக் காது போயிருச்சுன்னாங்க.

ஆர்மேச்சர் கேபிளில் ஒரு கிளாம்ப்,
ஃபீல்டு ஒயரில் இன்னொன்று.
பத்து மணி. பதினொன்று. ஒன்றுமில்லை.
மீட்டர் மாட்டிய நிமிடமே
மோட்டார்கள் யோக்கியமாகிவிடும்,
பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன்.
புஷ்பராணி கட்டஞ்சாயா கொடுத்தாள்.
ஜன்னலுக்கு வெளியே கெத்தை ரோடு
இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

2.52.
அவள் கையைத் தூக்கினாள்.
அதற்கப்புறம்தான் எண் அசைந்தது.
ஃபீல்டு இரண்டு புள்ளி ஒன்று,
ஒன்று புள்ளி ஆறு,
ஒன்று புள்ளி இரண்டு.
ஆர்மேச்சர் முப்பத்தெட்டு, ஐம்பது,
மேலே படிக்க முடியவில்லை.
டக்.
ரோலர்களுக்குள் பச்சை வாசனை மட்டும்
இன்னும் கொஞ்சம் சுற்றியது.

மெயினை இழுத்துவிட்டு
மோட்டாரின் டெர்மினல் பெட்டியைக் கழற்றினேன்.
எஃப்-2. லக்கின் ஓரத்தில் பச்சைக் களிம்பு.
ஸ்பேனர் தேவைப்படவில்லை, திருகு
விரலுக்கே சுற்றியது.
ஐந்தாறு மணி நேரம் ஓடிச் சூடேறியதும்
அந்த இடுக்கு வாய் திறக்கும்,
ஆறியதும் மூடிக்கொள்ளும்.
பகலில் வந்தவர்கள் எல்லோரும்
மூடிய வாயைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எமரி போட்டுத் தேய்த்தேன். புது லக், புது வாஷர்.
லிமிட் திருகையும்
அதன் பழைய சிவப்புக்குத் திருப்பி வைத்தேன்.
அதில்தான் சந்திரமோகனுக்கு வருத்தம்.

மறுநாள் இரவு
2.52 தாண்டியது. மூன்று தாண்டியது.
4.20க்கு விழுந்தது.

என் கை மீட்டருக்குப் போவதற்குள்
அவள் எழுதி முடித்திருந்தாள்.
'மழைக் கொழுந்து. சரியா வாடலை.
மெதுவாகி நின்றது.'

இது வேறு.
இதற்குத்தான் அந்த விளக்கு.
மூடியைத் திறந்து கட்டியை வழித்தெடுத்தார்கள்,
நான் முதல் பஸ்ஸுக்குப் பையைக் கட்டினேன்.