புதுத் தராசு

புதுத் தராசு வந்த செவ்வாய்க்கிழமை
இருபத்து மூன்று பிள்ளைகள்
ஒரே காலையில் மெலிந்துபோனார்கள்.

பழையது உத்தரத்துக் கொக்கியில் தொங்குவது.
ஒன்றும் மாட்டாதபோதே முள்
பூஜ்யம் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.
தட்டினால் சரியாகும் என்றார்கள்.
தட்டினேன்.
ஒன்பது வருடம் தட்டினேன்.

புதியது தரையில் உட்காருகிறது.
பாட்டரி, பச்சை எழுத்து,
தட்டுவதற்கு இடமே இல்லை.
முத்துப்பேச்சியின் கடைசி, கனிஷ்கா,
பத்தொன்பது மாதம்:
போன மாதம் ஏட்டில் ஏழு அறுநூற்றைம்பது,
மஞ்சள் கட்டம்.
இன்று ஏழு இருநூறு.
பதினொரு மணிக்கே
சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது.

போனில் மேடம் சொன்னார்:
"பழைய எடையை ஒட்டியே போடுங்க டீச்சர்,
ஒரேயடியா விழுந்தா மேல கேப்பாங்க."

கோடகன் கால்வாயில் தண்ணீர் விட்ட வாரம்.
வழி நெடுக நாற்று,
அவ்வளவு பச்சை.
பாப்பாக்குடி பஸ் போன புழுதி அடங்கியதும்
முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனேன்.

மடியில் சொளவு இருக்கிறது,
சொளவில் இலை, தூள், வெட்டிய நூல்.
பிள்ளைக்கு முதுகுதான்.
முதுகில் சாய்ந்து நின்று
தும்மிக்கொண்டிருந்தது கனிஷ்கா.
சத்துமாவு தருகிறாயா என்றேன்.
"தாரேன் டீச்சர். மூணும் திங்கும்லா.
இதுக்கு மட்டும் உருட்டிக் குடுத்தா
மத்த ரெண்டும் எம் மூஞ்சியப் பாக்கும்."

சொல்லிவிட்டேன்,
தராசு இத்தனை நாளும் பொய் சொன்னதை.
பீடியின் வாயை மடக்கிக்கொண்டே சிரித்தாள்.
"தராசு எனக்குத் தெரியாதா.
கடையில ஆயிரத்துக்கு இலை நிறுப்பாவ,
கணக்கப்பிள்ளை தராசு கூடத்தான் காட்டும்.
வீட்டுல வந்து வெட்டிப் பாத்தா எண்ணூறுக்குத்தான் காணும்.
குறைஞ்ச இலைய
நான் எங் காசுல வாங்கிப் போட்டுக்கிடணும்."

விரல் நிற்கவில்லை.
ஒரு பீடி, இன்னொரு பீடி.
பிறகு தலை நிமிராமல் கேட்டாள்:
"இவளுக்குக் குறைஞ்சத
யாரு வாங்கிப் போடுவா, டீச்சர்?"

கையளவு நாடாவை எடுத்து
பிள்ளையின் புஜத்தில் சுற்றினேன்.
பதில் வராதபோது
கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.
அது நாடாவின் நுனியைப் பிடித்து
வாயில் வைத்துச் சப்பியது.
முட்டை தருகிறேன், ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுகிறேன்,
நாளைக்கே கூட்டிவா என்றெல்லாம் சொன்னேன்.
"நாளைக்குக் கடையில பீடி எடுக்கிற நாளு" என்றாள்.
நாளை மறுநாள் என்றேன்.
சரி என்று சொன்ன மாதிரியும் இருந்தது.

திரும்பி வந்து
நீல மையிலேயே எழுதினேன், ஏழு இருநூறு.
அடியில் இரண்டு கோடு.

பூட்டுமுன் மேலே பார்த்தேன்.
பழைய தராசு இன்னும் தொங்குகிறது.
ஒரு பிள்ளையும் இல்லாத கொக்கியை நிறுத்து
நானூற்றைம்பது கிராம் என்கிறது.

கழற்ற ஸ்டூல் வேண்டும்.
ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும்.