சாவியை எடுத்த பிறகும்

இன்ஜினோடு கட்டிப்போட்ட காற்றாடிக்குச்
சொந்தமாக ஒரு முடிவு கிடையாது.
நான் மிதித்தால் அலறும், விட்டால் முனகும்.
ஐந்து ரோட்டு நெரிசலில்
வெயில் பம்பரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது
சோம்பலாய்ச் சுற்றும்.
மலையிறங்கும்போதோ
இரண்டாம் கியரில் இன்ஜின் முக்க,
ஆறிக்கிடக்கும் ரேடியேட்டருக்குப்
போட்டுப் போட்டு விசிறும்.

பங்குனியில் அதன் கிளட்ச் இறுகிப்போனது.
ஹெலிகாப்டர் வருகிறதென்று
கன்னங்குறிச்சிப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தார்கள்.

கொண்டலாம்பட்டியில்
திறந்த பானெட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று
இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.
"பெல்ட்டுல ஓடறது பொய் சொல்லாது, மாதேஸ்வரி.
இன்ஜின் சுத்துனா அதுவும் சுத்தும்.
ஏழாயிரம். புது கிளட்ச். பத்து வருசம் மறந்துரு."
இது மெக்கானிக் இதாயத்துல்லா.
"வேண்டாத நேரத்துல சுத்தறதுக்கு டீசல் யாரு தர்றா?
சூடானா சுத்தணும், ஆறுனா நிக்கணும்.
அதுக்குப் பேருதான் புத்தி."
இது பக்கத்துக் கடை வயர்மேன் தேவநேசன்.
"உன் புத்தி ஒரு ஃபியூஸ்ல தொங்குதுய்யா."
"உன் நேர்மை ஒரு ரப்பர்ல தொங்குது, பாய்."
டீ வந்தது. இருவரும் குடித்தார்கள்.
காசு நான் கொடுத்தேன்.

கரன்ட் காற்றாடியே போடுங்கள் என்றேன்.
டீசலுக்காக இல்லை.
எட்டு வருடச் சத்தம்.

முதல் லோடு நாகலூருக்கு, முப்பது மூட்டை சிமென்ட்.
ஐந்தாம் வளைவில்தான் தெரிந்தது
கிளீனர் சடையன் பாடுவான் என்று.
எப்போதிருந்து என்றேன்.
சேர்ந்த நாளிலிருந்து என்றான்.
ஏழாவதில்
தார்ப்பாய்க் கயிறு கீச்சிடுவது கேட்டது.
எட்டாவதில்
யாரோ வட்டிக்கணக்கு முணுமுணுப்பது கேட்டது.
நான்தான்.

பதினொன்றில் முள் ஏறியது.
ரிலே உருகும் வாசம்.
பின்னால் பஸ், முன்னால் ஏற்றம்,
ஒதுங்க இடமில்லை.
வண்டி வாங்கிய நாளிலிருந்து
ஒரு தரமும் தொடாத ஹீட்டர் குமிழை,
சித்திரை மாதம், பகல் பன்னிரண்டுக்கு,
கடைசிவரை திருகினேன்.

இன்ஜினின் சூடு எங்கள் முகத்துக்கு வந்தது.
சடையன் பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தான்.
முள் ஒரு நெல் அகலம் இறங்கியது.
அப்படியே வெந்துகொண்டே
பன்னிரண்டு,
பதின்மூன்று.

பதினான்காம் வளைவு தாண்டி ஓரங்கட்டி,
குரங்குகள் டேஷ்போர்டில் பொரி தேட,
தேவநேசன் போனில் சொல்லச் சொல்ல
ஒரு வயரை நேரே பேட்டரிக்குப் போட்டேன்.
சுற்றியது.
"பாத்தியா!" என்றார்.
அவருக்குப் பின்னால்
இதாயத்துல்லா சிரிப்பதும் கேட்டது.

இப்போது நல்ல ரிலே போட்டிருக்கிறது.
பழைய காற்றாடியைக் காயலான் கடைக்குப் போட
பாய் விடவில்லை.
சீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது;
சடையன் அதில் துண்டு காயப்போடுகிறான்.

நேற்று ராத்திரி,
ஐந்து ரோட்டில் அரைமணி நேரம் நின்று,
லீ பஜாரில் பலாப்பழம் இறக்கிவிட்டு
சாவியை எடுத்தேன்.
இன்ஜின் நின்றது. காற்றாடி நிற்கவில்லை.

வாட்ச்மேன் டார்ச் அடித்தார்.
"யக்கா, ஆஃப் பண்ணாம எறங்கறீங்க."
"பண்ணிட்டேன். அதுக்குத்தான் இன்னும் ஆறல."

வீடு நடக்கிற தூரம்தான்.
ஆனாலும் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு
மறுபடி சீட்டில் உட்கார்ந்தேன்.
அது நிற்கும்வரைக்கும்
வட்டியை நினைக்காமல் இருக்க முடிகிறதா என்று.

இரண்டு நிமிடம் சுற்றியிருக்கும்.
நின்றதும் பஜார் முழுக்க ஈக்களின் சத்தம்,
பலாப்பழ வாசனை.
எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.