கவுஞ்சி வரை

பூம்பாறை தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.
மூச்சு விடவே காற்று போதவில்லை.
"அந்த வளைவோட ஏத்தம் முடிஞ்சுது"
என்கிறார் சவரிராயன், மூன்றாவது முறையாக.

வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு.
கீழே படிப்படியாய்ப் பூண்டு வயல்கள்;
பிடுங்கிப் போட்ட வாடை
சட்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.
ஒரு காட்டெருமை எங்களைப் பார்த்தது,
வழிவிடுவதா என்று யோசித்தது,
யோசித்துக்கொண்டே இருந்தது.
இறங்கி நின்றோம்.
தூக்கிப் பிடித்த பின்சக்கரம் மட்டும்
கிறுகிறுத்து அடங்கியது.

பிறகு மன்னவனூர்.
சொல்லாமல் கொள்ளாமல் புல்வெளி.
பிரேக்கை விட்டேன்.
ஒரு மேடு இறங்கி, மிதிக்காமலே அடுத்த மேடு,
கண்ணில் நீர், காதில் காற்று.
நாற்பத்தாறு வயதில் வாய்விட்டுக் கத்தினேன்.
செம்மறிகள் தலை தூக்கவில்லை.

கவுஞ்சி டீக்கடையில்
"பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்றாள் கடைக்காரி,
உண்மையான வருத்தத்தோடு.
இல்லை, சும்மாதான் வந்தோம் என்றேன்.
"சும்மாவா?"
என் தம்ளரில் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுந்தது.

வெளியே,
இறங்கிய அத்தனை தூரமும்
எழுந்து நின்றிருந்தது.
சவரிராயன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
கடைசி பஸ் கூரையில்
சைக்கிள் ஏற்றுவார்களா என்று.