சேதனம், அசேதனம்

ஐந்தாம் குறுக்குத் தெருவில் பசளைக் கடை.
என் பேரேட்டில் இரண்டு பத்தி:
இடப்பக்கம் சேதனம், வலப்பக்கம் அசேதனம்.
நடுவில் மஹ்ரூப் நானா
அடிமட்டம் வைத்துக் கிழித்த சிவப்புக் கோடு.

உணர்வுள்ளது, உணர்வற்றது என்று
சோதனைத் தாளில் நான் பொருள் எழுதிய சொற்கள்.
இங்கே அவற்றுக்குக் கிலோ கணக்கில் விலை.
மாட்டெரு உணருமாம்.
யூரியா சடமாம்.
நாட்டாமை வைரமுத்துவின் முதுகைக் கேட்டால்
இரண்டும் ஐம்பது கிலோ.

மாசியில் கடன் கேட்கக் கடுவெலைக்குப் போனேன்,
பஸ் இரண்டு மாறி,
குடையை முதலாவதில் மறந்து.

அதிவேகப் பாதையின் தூண்களுக்குக் கீழே பள்ளக் காணி.
மேல் வயல் உபசேனவுக்கு.
கீழ் வயல் அவன் மைத்துனன் பியதிலகவுக்கு.
பசளைக்குத் தடை வந்த வருடம் தொடங்கிய சண்டை
தடை எடுத்த பிறகும் எடுபடவில்லை.
ஒருவன்: வெள்ளை உப்பு இனி என் மண்ணில் விழாது.
மற்றவன்: குப்பை தின்று நெல் வளராது.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இவ்வளவுதான் விளங்கியது,
மிச்சம் வசவு.

இடையில் முழங்கால் உயர வரம்பு.

மேல் வயல் கரும்பச்சை. ஒரு நாள் மழைக்கே
வடக்கு மூலை பாயாய்ப் படுத்துவிட்டது.
கீழ் வயல் நிமிர்ந்து நின்றது, எலுமிச்சை நிறத்தில்,
கதிர் குட்டையாக.
ஆனால் அந்தச் சேறு!
என் காலை மெத்தென்று வாங்கிக்கொண்டது,
திருப்பித் தர யோசித்தது.
இரண்டு வயல் நீரிலும் துரு ஆடை,
எண்ணெய் சிந்தியதுபோல். அதற்கு வரம்பு தெரியாது.

கடன் கிடக்கட்டும், இங்கே வா என்றான் பியதிலக.
வரம்பின் அடியில் நண்டு வளை.
மேல் வயல் நீர் அதன் வழியே ஒழுகிக்
கீழ் வயலில் விசிறியாய் விரிந்த இடத்தில்,
ஒரு லொறி நிறுத்துமளவுக்கு,
பயிர் வேறு.
கறுக்கவில்லை. வெளுக்கவில்லை.
தலை கனத்து நீரைத் தொடப் பார்த்தது.

கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்குமா?
ஒரு கதிரை உருவி எண்ணினேன்:
நூற்றெண்பத்து நாலு மணி, பதினொரு பதர்.
நாலடி தள்ளி இன்னொன்று:
தொண்ணூற்றாறு.

உன் நண்டு என் யூரியாவைத் திருடியது என்றான் உபசேன.
என் எரு பிடித்து வைக்காவிட்டால்
உன் யூரியா ஆற்றுக்குப் போயிருக்கும் என்றான் பியதிலக.
கடனுக்கு வந்தவளைப் பார்த்தார்கள் இருவரும்,
தீர்ப்புக்கு.

நண்டு எட்டிப் பார்த்தது.
இடுக்கி நிறையச் சேறு.
அதைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு
உள்ளே போனது.

கடன் வரவில்லை.
மூன்று கிழமை கழித்து ஒரு சாக்குப் பச்சரிசி வந்தது,
கூடவே அடுத்த போகத்துக்கு ஒரு துண்டு:
கூட்டெரு நாற்பது மூட்டை, உழவுக்கு முன்.
வேறு கையெழுத்தில்:
யூரியா இரண்டு, மூன்று தவணையாய்ப் போட.
ஆள் பெயர் இல்லை.

எந்தப் பத்தியில் எழுத, நானா?
இரண்டிலும் எழுது பிள்ளை,
கடனை மட்டும் ஒன்றாய்க் கூட்டு.

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி அறையில்,
அந்த அரிசியை வடித்தேன்.
பருப்பு, பொரித்த மிளகாய், வேறொன்றுமில்லை.
உணர்ந்தது எது, உணராதது எது என்று
நாக்கு பிரித்துச் சொல்லவில்லை.
இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன்.

வாசலில் கிடந்த செருப்பின் வாரில்
இன்னும் செந்துருக் கறை.
கழுவிப் பார்த்தேன்.
கொஞ்சம் போனது.