ஆறாம் பாடம்

சைதாப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடி,
ஞாயிறு காலை ஏழு மணி வகுப்பு.
பஸ்ஸில் கொடுத்தால் ஃபேர்,
டாக்டருக்கு ஃபீஸ்,
பள்ளிகொண்டா கேட்டில் டோல்,
ஹெல்மெட் இல்லாமல் கிரீன் சர்க்கிளில் மாட்டினால் ஃபைன்.
சௌக்கியம் என்பதற்கும் அதே ஃபைன்தான் என்றார் எட்வின் சார்.
யாரும் சிரிக்கவில்லை.
பாதிப்பேர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள்.

எனக்கெதற்கு இத்தனை?
எங்கள் கவுண்டரில் ஒரே வினைச்சொல்.
ஸ்கேனுக்குக் கட்டிட்டீங்களா.
ரத்தத்துக்குக் கட்டணும்.
கட்டினால்தான் மேலே அனுப்புவாங்க.

வீட்டில் பேசுகிற உருதுவைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினால்
இந்தி ஆகிவிடும் என்று
மூன்றாம் ஜன்னலில் என்னை உட்கார வைத்தார்கள்.
மால்டாவிலிருந்து வந்த நிதாய் மண்டல்
இருபத்திரண்டு நாளும் என் ஜன்னலுக்கே வந்தார்,
மற்ற வரிசை காலியாக இருந்தாலும்.
பாபு ராவ் தெரு லாட்ஜில் அறை வாடகை,
ஸ்டவ்வுக்குத் தனி வாடகை,
குக்கருக்கு டெபாசிட்.
ஒவ்வொரு சீட்டையும் நீட்டி
இது எது, இது எது என்பார்.
படித்த பாடத்தை அவரிடம் பழகினேன்.
டெபாசிட் திரும்பி வரும், ரென்ட் வராது,
அட்வான்ஸ் கழித்துக்கொள்வார்கள்.
தலையாட்டிவிட்டு
சீட்டை நான்காக மடிப்பார்.

வியாழக்கிழமை ரீஃபண்ட்.
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
தம்பி கோகோன் செலவழிக்காமல் விட்டது.
எண்ணாமல் வாங்கி
அப்படியே என் பக்கம் தள்ளினார்:
ஊர்வரை அவனை அனுப்ப இது போதுமா?

போதாது.
மீதியை யாரோ போனில் அனுப்பினார்கள்.

கார்கோ ஏஜென்ட் கொடுத்த படிவம் ஆங்கிலத்தில்.
சாப்பாட்டு இடைவேளையில் நான்தான் நிரப்பினேன்.
பெயர். வயது கேட்கவில்லை, எடை கேட்டிருந்தது.
சென்னை டு கொல்கத்தா.
அதற்குக் கீழே
முன்பே அச்சடித்த ஒரு சொல், பக்கத்தில் தொகை.
ஆளுக்கு ஃபேர், சரக்குக்கு ஃப்ரெய்ட்,
மாற்றி எழுதினால் ஒரு மார்க் போச்சு
என்று போர்டில் இரண்டு முறை கோடிட்டாரே சார்,
அந்தச் சொல்.

நிதாய் அதன்மேல் விரல் வைத்தார்.
இது எது?

கிராயா, என்றேன்.
ரிக்ஷாவுக்கு, ரயிலுக்கு, குடியிருக்கும் வீட்டுக்கு,
எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

என் டிக்கெட்டுக்கும் அதே சொல்லா?

அதேதான்.

நான்காக மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்தார்.
அவர் விலகுவதற்குள்
குடியாத்தத்து அம்மா ஒருத்தி கையை உள்ளே நீட்டி,
கண்ணு, இத எங்க கட்டணும்?