பதினேழு சதம்

கூத்தாநல்லூர் டாக்டர் நூருல் அமீன்
பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்.
படுக்கும்போது ஒன்று,
போட்ட பிறகு நடமாடக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் ஒரு காகிதம்,
பதினாறாய் மடித்தது.
கருக்காய் பார்க்கிற லென்ஸை வைத்துத்தான்
படிக்க முடிந்தது.
காலையில் வாய் கசக்கலாம்.
தலை கிறுகிறுக்கலாம்.
முந்தின நாள் கொஞ்சம் மறந்து போகலாம்.
அரிதாகச் சிலர் தூக்கத்திலேயே எழுந்து
நடக்கலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம்.
அரிதாக என்றால் எத்தனை சதம்
என்று போடவில்லை.
என் வேலையில் சதம் போடாமல் எதுவும் நகராது.

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெண்ணாற்றங்கரையில்,
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால் எடுக்கக் கூடாது.
ஐப்பசியில் அறுத்த நெல்லுக்கு அது தெரியாது.
தையல்நாயகியின் குவியல் பத்தொன்பது காட்டியது.
மறுநாள் பத்தொன்பதரை.
"எங்கயாவது வெயில் விக்கிறாங்களா மேடம்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
தூக்கம் போனது அன்றைக்கு.

மாத்திரை போட்டு நாலு ராத்திரி
கல் மாதிரி தூங்கினேன்.
காலையில் வாய் மட்டும்
துருப்பிடித்த சாவியைச் சப்பியது போல.

ஐந்தாம் நாள்
பாயில் சேறு.
கணுக்காலெல்லாம் நெற்சுணை, அரிப்பு.
கதவு உள்ளே தாழிட்டிருந்தது, ஒழுங்காக.
நான்தான் போட்டிருக்க வேண்டும்.

வாட்ச்மேன் அய்யாறு டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்:
"ரெண்டு மணிக்கு, கொட்டுற மழையில,
தார்ப்பாய இழுத்து இழுத்து மூடுனீங்க.
குடை குடுத்தேன், வாங்கல.
கூப்பிட்டேன், திரும்பல.
கோவமோன்னு விட்டுட்டேன்."
தார்ப்பாய் கிழிந்த மூலையில்
என் மழைக்கோட்டு.
அதன் மேல் வரிசையாக நாலு செங்கல்.

ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருக்கும்.
டிராயரில் ஒரு பட்டியல்,
என் கையெழுத்து, சற்றே சாய்ந்து.
தையல்நாயகி, நாற்பத்திரண்டு சிப்பம்,
ஈரப்பதம் பதினேழு.
கிழித்தேன்.
நாலாய், எட்டாய், பதினாறாய்.

டாக்டருக்குப் போன் செய்து
நடந்ததைச் சொன்னேன்.
எழுதியதைச் சொல்லவில்லை.
"உடனே நிறுத்துங்கம்மா.
பக்கத்துல ஆறு வேற. நல்லவேளை."

நிறுத்திவிட்டேன்.

நேற்று ராத்திரி மறுபடி மழை.
தகரத்தில் முதல் சொட்டு விழுந்ததிலிருந்து
கேட்டுக்கொண்டிருந்தேன்.
மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது,
காய்ந்து, மடிப்புக் கலையாமல்.
அந்தக் கிழிசல் எந்த மூலையில் என்று தெரியும்.
எத்தனை எட்டு என்றும் தெரியும்.
வாய் கசக்கவில்லை.
தலை சுற்றவில்லை.
எதுவும் மறக்கவில்லை.
விடியும்வரை முழித்தே இருந்தேன்.
போகவில்லை.