முஸ்திக்கா

வேன் வந்து நின்றபோது
மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.
கையெல்லாம் செதில்; கும்பிட முடியவில்லை.
அவள்தான் கும்பிட்டாள்,
நெற்றிக்கு மேலே,
புத்தருக்கு வைக்கிற உயரத்தில்.
பக்கத்து வீட்டுப் பிசமாய்
சிரிப்பை மறைக்க வாளியோடு உள்ளே ஓடினாள்.

பெயர் ஹில்க்கா.
ஆறு நாள் தங்கல், சாப்பாடு சேர்த்து
நாளுக்கு முந்நூற்றைம்பது பாட் என்று
ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில்
விடியற்காலையிலேயே ஊருக்குச் சொல்லிவிட்டார்.
எந்த நாடு என்பதைத்தான் விட்டுவிட்டார்.

அதைப் போனுக்குள் இருந்த பெண் சொன்னாள்,
எங்கள் பக்கம் யாரும் பேசாத
பாங்காக் பேச்சில், செய்தி வாசிக்கிற குரலில்:
"நான் பின்லாந்திலிருந்து வருகிறேன்."
தொங்சுக் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார்.
ஸ்பேனர் சத்தம் நின்றது.
கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது.

அவளுக்குத் தரையில் உட்காரத் தெரியவில்லை.
கால்களை யாரிடமோ இரவல் வாங்கியவள்போல்
எங்கே வைப்பதென்று தவித்தாள்.
ஒட்டுச்சோற்றை உருட்ட வரவில்லை,
நாய்க்குக் கொண்டாட்டம்.
எறும்பு முட்டைக் குழம்பை
மூச்சைப் பிடித்து விழுங்கினாள்,
பிறகு இன்னொரு கரண்டி கேட்டாள்.
எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.
வழியில் "சாப்பிட்டாச்சா?" என்றவர்களை எல்லாம்
நிறுத்திவைத்து
என்னென்ன சாப்பிட்டாள் என்று விரல்விட்டுச் சொன்னாள்.

அவர் மட்டும் பேசவில்லை.
கூச்சம் என்று நினைத்திருப்பாள்.

ஒன்பது வருடம் முன்பு
நிலப்பத்திரத்தைக் கூட்டுறவு வங்கியில் வைத்து
அந்த நாட்டுக் காட்டுக்குப்
பழம் பொறுக்கப் போனவர் அவர்.
வெளிச்சம் இருக்கும்வரை வேலை என்றார்களாம்.
வெளிச்சம் போகவே இல்லை.
மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில்
ஒரு வகுப்பறைக்குப் பதினோரு பேர்.
படுக்கைக்குப் பிடித்தம், பெட்ரோலுக்குப் பிடித்தம்,
பழத்தில் இலை கிடந்தால் அதற்கும்.
திரும்பியபோது பையில் நாலாயிரத்துச் சொச்சம்,
நகக்கண்ணில் ஊதா.
அது போக அறுவடை வந்துவிட்டது.
கடன் போக இன்னும் நாலு அறுவடை.

சிவப்பு வீடுகள், வெள்ளைச் சன்னல்கள் என்பார்.
காரில் போகும்போது பார்த்தது.
ஒன்றுக்குள்ளும் போனதில்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி
காலுறைக்குள் சுற்றிய ஒரு பாட்டிலை
பையின் அடியிலிருந்து எடுத்தாள்.
அவள் அம்மா காய்ச்சியதாம்.
"நீல நிறப் பழக்கூழ்" என்றாள் போன்காரி.
யாருக்கும் விளங்கவில்லை.
தொங்சுக் அதை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார்,
மூடியில் இருந்த படத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
"முஸ்திக்கா" என்றார்.

ஹில்க்கா கைதட்டிச் சிரித்தாள்.
அவர் எழுந்துபோய்
மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து
பல் வைத்த சிவப்பு டப்பாவைக் கொண்டுவந்தார்.
அங்கே பழம் வழித்தது,
இங்கே நான் வயலில் நத்தை அள்ளுவது.
இரண்டு பல் உடைந்திருக்கிறது.
அவள் முன்னால் வைத்தார்.
கையெட்டும் தூரத்தில், மரியாதையாகத்தான்.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.
உடைந்த பல்லைத் தொட்டாள்.
போனை வாயருகே கொண்டுபோனாள்,
வாய் திறந்தாள், மூடினாள்.
மின்விசிறி இந்தப் பக்கம் ஒருமுறை,
அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பியது.
போன்காரிதான் பொறுமை இழந்தாள்:
"மன்னிக்கவும். எதுவும் கேட்கவில்லை."

தொங்சுக் சிரித்தார். விழுந்து விழுந்து.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திருகினார்,
சோற்றுருண்டையால் ஒரு வழி வழித்தார்.
தின்றால் எடை குறையும் என்று
அங்கே ஒன்றுகூட வாயில் போடவில்லையாம்.
எனக்கு இன்றுதான் சொல்கிறார்.

நானும் தின்றேன். புளிப்பு.
மிளகாய் உப்பு தொட்டுக்கொண்டால் பரவாயில்லை.
அவளும் தொட்டுக்கொண்டாள், இருமினாள்,
இருமல் என்றுதான் நாங்கள் வைத்துக்கொண்டோம்.

பாட்டிலைக் கழுவி
மீன் ஊறவைத்திருக்கிறேன்.
மூடியில் படம் இன்னும் அழியவில்லை.